முற்பகற் போசனத்தின் பெயர்

1896 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் தேதி இலண்டனில் வெளிவந்த 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை வார இதழிலே உணவைப் பற்றிய சிறு குறிப்பொன்று காணப்பட்டது. நாகரிகமாக வாழ விரும்புவோர் இனிமேல் 'பிரஞ்ச்' உண்ணுதல் வேண்டும் என்று அக்குறிப்புக் கேலியாகத் தொடங்கியது. காலையுணவையும் மதிய போசனத்தையும் ஒன்றாக்கி, இரண்டிற்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒரே தடவையாக உண்ணும் உணவுக்கு இடப்பட்ட புதுப் பெயர் அது. அதற்கு முந்திய ஆண்டிலே அச்சொல்லை அறிமுகஞ் செய்தவர் கய் பெரிங்கர் என்பவர் என்றும், அவருடைய கட்டுரையை வெளியிட்ட 'ஹண்டர்ஸ் வீக்லி' என்னும் இதழ் அதற்குள்ளாகவே நின்றுபோயிற்று என்றும் 'பஞ்ச்' கூறியது. விரைவிலேயே நின்றுபோன ஒரு வார இதழிலே பிறந்த சொல், அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து, பேர்லினிலும் பாரிசிலும் தோக்கியோவிலும் சியோலிலும் உணவுச்சாலைப் பலகைகளில் எழுதப்படும் நிலையை அடைந்திருக்கின்றது.

பெரிங்கரின் கட்டுரை ஒரு விண்ணப்பமாக அமைந்தது. அக்காலத்து ஆங்கிலேய நடுத்தர வகுப்பினரின் ஞாயிற்றுக்கிழமை கடுமையானது. காலையில் எழுந்து தேவாலயத்துக்குச் சென்று திரும்பியதும், இறைச்சியும் மாப்பண்டங்களும் நிரம்பிய கனமான போசனம் ஒன்று காத்திருக்கும். இதனை விடுத்து, நண்பகலையொட்டித் தேநீரோ கோப்பியோ பழப்பாகோ கொண்டு மெல்லத் தொடங்கிப் பின்னர் கனத்த உணவுக்குச் செல்லலாமே என்பது அவர் யோசனை. அவ்வாறு செய்தால் ஞாயிறன்று அதிகாலையில் எழவேண்டிய தேவை இல்லை. சனிக்கிழமை இரவு நெடுநேரம் களித்திருந்தவர்களின் வாழ்வு இலகுவாகும். கூடியிருந்து உண்பவர்களிடையே பேச்சும் நன்கு பெருகும் என்று அவர் வாதித்தார். தேநீர், கோப்பிக்குப் பதிலாகப் பியரும் விஸ்கியும் அருந்தினாலும் குற்றமில்லை என்று தாராளமாக அனுமதியும் வழங்கினார். வேடிக்கையாக எழுதப்பட்டதாயினும் அதன் உட்பொருள் வெளிப்படையானது. முதல்நாள் இரவு விழித்திருந்தவனுக்கு மறுநாட் காலை மன்னிப்பு வேண்டும் என்பதே அது.

அம்மன்னிப்பு எல்லார்க்கும் உரியதன்று. அந்நாளைய இங்கிலாந்திலே பெண்கள் செய்த கூலித்தொழில்களுள் வீட்டுப் பணியே மிகப் பெரியது. எசமானர் 11 மணிக்கு எழுந்தாலும் அடுப்பை மூட்டும் பணிப்பெண் விடியுமுன்னரே எழுந்திருப்பாள். புதிய போசனம் அவளுக்கு ஒரு வேளைச் சமையலைக் குறைத்ததா, கூட்டியதா என்பது பற்றிப் பெரிங்கர் அக்கறை கொண்டதாகத் தெரியவில்லை.

சொல்லின் அமைப்பு ஆராயத்தக்கது. 'பிரேக்பாஸ்ட்' என்பதன் தலையும் 'லஞ்ச்' என்பதன் வாலும் இதிலே ஒட்டவைக்கப்பட்டுள்ளன. இத்தகைய ஒட்டுச் சொற்களுக்கு ஆங்கிலத்திலே வழங்கும் பெயரைத் தந்தவர் லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் எழுதிய சார்ள்ஸ் டொட்ஜ்சன் ஆவார். 1871 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய சிறுவர் கதையிலே, முட்டை வடிவினனான ஹம்ப்டி டம்ப்டி என்பவன் அலிஸ் என்ற சிறுமிக்கு இவ்வகைச் சொற்களை விளக்குகின்றான். நடுவிலே மடித்து மூடும் இரட்டைப் பயணப்பெட்டியை ஆங்கிலேயர் 'போர்ட்மன்ரோ' என்பர். ஒரே சொல்லுக்குள் இரு பொருள்களை மடித்து வைத்திருப்பதால் இதுவும் அப்பெட்டி போன்றதே என்கிறான் அவன். டொட்ஜ்சன் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையிலே கணிதம் கற்பித்தவர். அதே ஒக்ஸ்போர்ட் நகரத்து மாணவர் வழக்கைப் பற்றியும் 'பஞ்ச்' இதழ் ஒரு செய்தி தருகின்றது. 1896 க்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு ஒரு நுண்ணிய வேறுபாடு வகுக்கப்பட்டிருந்ததாம். கூட்டுப்போசனம் காலையுணவு நேரத்தை அண்டியிருந்தால் அது 'பிரஞ்ச்'. மதிய போசன நேரத்தை அண்டியிருந்தால் அது 'பிளஞ்ச்'.

இச்செய்தி உண்மையாயின் பெரிங்கர் சொல்லை ஆக்கியவர் அல்லர், அச்சேற்றியவர் மாத்திரமே. பிளஞ்ச் என்பது விரைவிலே மறைந்தது. அதனைக் கேட்பவர் காதில் 'லஞ்ச்' முழுமையாக விழுகின்றது; காலையுணவின் பங்காக முன்னே ஓர் எழுத்துத்தான் நிற்கின்றது. கூட்டாளிகள் இருவரில் ஒருவர் ஏமாற்றப்பட்ட கூட்டு வியாபாரம் நிலைப்பதில்லை. தமிழ்ப் புணர்ச்சியை அறிந்தவர்களுக்கு இந்த ஆக்கம் விந்தையாகத் தோன்றலாம். மரமும் வேரும் சேர்ந்து 'மரவேர்' ஆகுமிடத்து ஒரு மகரம் கெடுகின்றது; மரமும் கெடவில்லை, வேரும் கெடவில்லை. ஆங்கிலத்து ஒட்டுச் சொல்லிலோ இரு சொற்களும் வெட்டுண்டு, துண்டுகள் மாத்திரம் இணைகின்றன. பெற்றோர் யாரென்பது பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாது.

அப்பெற்றோரின் வரலாறும் நேரானதன்று. 'பிரேக்பாஸ்ட்' என்பதன் சொற்பொருள் நோன்பை முறித்தல். இலங்கை முஸ்லிம் மக்கள் ரமழான் மாதத்து அந்திவேளையில் 'நோன்பு திறத்தல்' என்று கூறுவதை ஒத்தது இது; இரவு முழுவதும் உண்ணாதிருந்ததை ஆங்கிலேயன் ஒரு நோன்பாகக் கருதினான் போலும். 'லஞ்ச்' என்பது முதலிலே போசனத்தைக் குறிக்கவேயில்லை. பாணிலோ பாற்கட்டியிலோ வெட்டிய தடித்த துண்டு என்பதே அதன் பழம் பொருள். சாமுவேல் ஜோன்சன் 1755 இல் வெளியிட்ட அகராதியிலே, ஒருவர் கையில் அடங்கக்கூடிய அளவு உணவு என்றே அதற்குப் பொருள் கூறுகின்றார். பெரிய போசனம் அந்நாளிலே 'டின்னர்' எனப்பட்டது. அதனை நண்பகலுக்கு முன்போ நண்பகலிலோ உண்டனர். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிலே செல்வரும் நகரத்து உத்தியோகத்தரும் டின்னரைப் பிற்பகலுக்கும், பின்னர் இரவுக்கும் தள்ளிக்கொண்டே சென்றனர். அதனால் காலைக்கும் இரவுக்கும் நடுவே பெரும் பள்ளம் ஒன்று விழுந்தது. கையடக்கத் துண்டாயிருந்த லஞ்ச் அப்பள்ளத்தை நிரப்பி ஒரு முழுப் போசனமாக உயர்ந்தது.

பிரெஞ்சு மொழியில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. நோன்பை முறித்தல் என்ற பொருளுடைய ஒரே இலத்தீன் வினையிலிருந்து அம்மொழியிலே 'தெஜுனே', 'தினே' என இரு சொற்கள் கிளைத்தன. இரண்டும் காலையுணவாக இருந்திருக்க வேண்டியவை. முதலாவது காலைக்கும் இரண்டாவது பகலுக்கும் ஆயிற்று. பாரிசு நகரத்தார் தினேயை மாலைக்கும் இரவுக்கும் கொண்டுசென்றபோது தெஜுனே நகர்ந்து நண்பகலுக்கு வந்தது; காலையில் உண்பதற்குச் 'சிறு தெஜுனே' என்று புதுப்பெயர் வேண்டியதாயிற்று. பெல்ஜியத்திலும் சுவிற்சர்லாந்திலும் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் பிரெஞ்சு பேசுவோர் இந்நகர்ச்சியிற் சேரவில்லை. அங்கே தெஜுனே இன்றுங் காலையுணவு, தினே நண்பகலுணவு. கியூபெக்கிலே 'தினேக்கு வாருங்கள்' என்று அழைக்கப்பட்ட பாரிசுக்காரர் மாலையிலே சென்றால் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களையே காண்பார்.

வடக்கே சென்றாலும் இதே கதை. 'முன்னேர உணவு' எனப் பொருள்படும் பழைய ஜேர்மானியச் சொல்லொன்று நோர்வேயில் 'புறோகொஸ்ட்' என்று காலையுணவைக் குறிக்கின்றது. டென்மார்க்கிலே அதே எழுத்துகளால் எழுதப்படும் அதே சொல் நண்பகலுணவைக் குறிக்கின்றது. ஆங்கிலத்திலே நண்பகலைக் குறிக்கும் 'நூன்' என்னுஞ் சொல்லே இலத்தீனில் ஒன்பதாம் மணி, அதாவது பிற்பகல் 3 மணி என்ற பொருளில் இருந்து, பின்னோக்கி நகர்ந்து 12 மணிக்கு வந்து நின்றதாகும். உணவுப் பெயர்கள் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவை அல்ல.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. காலைக்கும் நண்பகலுக்கும் இடையிலே உண்ணும் வழக்கம் 1895 இலேதான் தோன்றியதா? அவ்வாறு கருதுதல் பெருந் தவறு. விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் எந்த உழவனும் எந்தக் கொற்றனும் நண்பகல்வரை வெறும் வயிற்றுடன் இருக்க முடியாது. இடைக்கால இங்கிலாந்தின் வேலையாட்கள் 'நன்ச்சன்' என்ற இடையுணவை அறிந்திருந்தனர். 'நூன்' என்ற சொல்லோடு, பானம் வார்த்தலைக் குறிக்கும் பழைய சொல்லொன்று சேர்ந்து பிறந்தது அது. ஜேர்மன் மொழி பேசும் சுவிற்சர்லாந்திலே முற்பகல் இடையுணவின் பெயர் 'ஸ்னூனி'. ஒன்பது என்ற எண்ணிலிருந்து வந்தது. பவேரிய மாநிலத்திலே அதனைப் 'புறோட்சைட்' என்பர். பாண் நேரம் என்பது பொருள். போலந்து மக்கள் இரண்டாங் காலையுணவு என்றே ஒன்றனைக் கூறுவர். ஸ்பெயினின் வடக்கிலே வாழும் பாஸ்க் மக்கள் 'ஹமைக்கெத்தாகோ' என்பர். பதினொரு மணிக்குரியது என்பதே அதன் பொருள். அந்நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள வலென்சியாவிலே, தோட்ட நிலங்களில் விடியலில் இறங்கியவர்கள் நடுமுற்பகலில் அமர்ந்து பெரிய பாண் துண்டினுள்ளே முட்டையும் இறைச்சியும் வைத்து உண்ட வழக்கம், இன்றும் நகரத்துக் கடைகளிலே 'எஸ்மொர்சாரெத்' என்ற பெயரால் நடைபெறுகின்றது. கொரியாவின் நெல்வயல்களிலே உழைப்பவர்களுக்கு வேலையின் நடுவே வரப்பிற்குக் கொண்டுவரப்படும் உணவு 'செச்சம்' எனப்படும்.

இவற்றுள்ளே பெயர் தந்தது ஓரிடத்தில் மணி, ஓரிடத்தில் பாண். எல்லாம் தொன்மையானவை, எல்லாம் உழைப்போடு பிணைந்தவை. அவற்றுள் ஒன்றேனும் தன் நாட்டு எல்லையைக் கடந்து உலகச் சொல்லாகவில்லை. ஸ்னூனியைச் சுவிசுக்காரரன்றி வேறெவர் அறிவார்? முன்னெழுந்து உழைத்தவன் உண்ட முற்பகலுணவின் பெயர் அவன் ஊரிலேயே தங்கிவிட்டது. பின்னெழுந்தவன் உண்டதன் பெயரே கப்பலேறியது.

பெயர் கப்பலேறுவதற்கு உணவின் சுவையைவிட அதனை உண்பவனின் நிலையே பெரிதும் காரணம் என்பதற்கு ஆசியாவின் ஆங்கிலேயர் ஆட்சிக்காலமே சான்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே வெள்ளைத் துரை விடியுமுன் சிறிது தேநீர் அருந்திவிட்டுப் பிரட்டுக்குச் செல்வது வழக்கம். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் மலையகத் தமிழ் வடிவமே பிரட்டு. தொழிலாளரை ஒன்றுகூட்டிப் பெயர் பதிந்து வேலைக்கு அனுப்புவது அது. பின்னர் மலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முற்பகல் 11 மணியையொட்டிப் பங்களாவுக்குத் திரும்பி அவர் உண்ட நிறைந்த போசனமே அக்காலத்தில் இங்கு 'பிரேக்பாஸ்ட்' எனப்பட்டது. இந்தியாவிலே விடியற்கால அருந்துதலுக்குச் 'சோட்டா ஹாஸ்ரி' என்று பெயர். சோட்டா என்றாற் சிறியது. ஹாஸ்ரி என்றால் முன்னிலையாதல், பெயர்ப்பதிவு. அங்கும் உணவின் பெயர் பெயர்ப்பதிவுக் களத்திலிருந்தே வந்திருப்பது ஒரு சுவையான ஒற்றுமை. சொல் வேறாயினும் நேரத்தைக் கொண்டு நோக்கினால், பெரிங்கர் விண்ணப்பித்த போசனம் இலங்கை மலைநாட்டிலே ஏற்கனவே நாள்தோறும் நடைபெற்றுக்கொண்டிருந்தது. ஒரு வேறுபாடு உண்டு. துரை அதற்கு முன்னர் நான்கைந்து மணி நேரம் நடந்திருந்தார்.

தமிழர்கள் நாள்தோறும் வழங்கும் 'டிபன்' என்ற சொல்லும் இவ்வாறே கிளம்பியது. 1785 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் குறோஸ் என்பவர் வெளியிட்ட ஆங்கிலக் கொச்சைமொழி அகராதியிலே 'டிபிங்' என்றால் போசன வேளையல்லாத வேளையில் உண்ணுதல் அல்லது குடித்தல் என்று காணப்படுகின்றது. இச்சொல் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரிடையே நண்பகலின் இலேசான உணவுக்குப் பெயராகி, 1886 இல் யூல், பேர்னெல் ஆகிய இருவரும் தொகுத்த 'ஹொப்சன்-ஜொப்சன்' என்னும் அகராதியிலே இடம்பெற்றது. இங்கிலாந்திலே அது மங்கிப்போக, தமிழிலே செழித்தது. செழித்தபோது நேரத்தையும் மாற்றிக்கொண்டது. தமிழகத்திலே டிபன் என்பது இட்டலியும் தோசையும் உப்புமாவும்; காலையிலும் உண்ணலாம், மாலையிலும் உண்ணலாம்; சோறாக மாத்திரம் இருத்தலாகாது. பம்பாயிலே அது மதியச் சாப்பாட்டைச் சுமக்கும் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆட்சி போயிற்று, துரையும் போய்விட்டார். அடுக்குப் பாத்திரத்தின் பெயரிலே அவருடைய சொல் இருக்கின்றது.

பிரஞ்ச் என்னுஞ் சொல்லை ஏற்றிச் சென்றது ஆட்சியன்று, அமெரிக்க வாழ்க்கைமுறை. இங்கிலாந்திலே பிறந்த அச்சொல் அத்திலாந்திக் கடலைக் கடந்து வேரூன்ற முப்பது ஆண்டுகள் வரை சென்றன என்று அமெரிக்க மொழியறிஞர் எச். எல். மென்கன் 1945 இல் வெளியிட்ட நூலிலே குறிப்பிடுகின்றார். 'நியூயோர்க் சன்' பத்திரிகையின் நிருபர் பிராங்க் வார்ட் ஓமலியே அதனை ஆக்கினார் என்றொரு கதையும் அங்கு வழங்கியது. ஓமலி அப்பத்திரிகையிற் பணிபுரிந்தது 1906 முதல் 1919 வரை; 'பஞ்ச்' குறிப்பின் தேதியோ 1896. ஆகவே கதை பொய். ஆயினும் பொருத்தமான பொய். காலைப் பத்திரிகைக்காக நள்ளிரவு கடந்தும் எழுதும் நிருபன் நண்பகலையொட்டி எழுந்து உண்பவன். இந்தச் சொல் அவனுக்கு வேண்டியிருந்தது. ஒக்ஸ்போர்ட் மாணவன் விருந்தினாற் பிந்தி எழுந்தான். நியூயோர்க் நிருபன் வேலையினாற் பிந்தி எழுந்தான்.

1930 களிலே அமெரிக்காவின் இரு கரைகளுக்கும் இடையே புகையிரதத்திற் சென்ற சினிமா நடிகர் நடிகையர் சிக்காகோவில் வண்டி மாறும்போது அந்நகரத்து ஹோட்டல்களிலே முற்பகலில் உண்டனர் என்றும், அதனாலேயே ஏனையோரும் அவ்வழக்கத்தை விரும்பினர் என்றும் கூறுவர். அந்நாட்டின் மதுவிலக்கு 1933 இல் நீங்கியது. ஹோட்டல் உணவுச்சாலைகளுக்கு, தேவாலயம் செல்பவர்களையும் செல்லாதவர்களையும் ஒரே நேரத்தில் அழைக்கக்கூடிய போசனம் ஒன்று கிடைத்தது. முட்டையிலே பல வகை, தக்காளிச் சாற்றோடு மது, தோடம்பழச் சாற்றோடு மது என அதற்கென ஒரு பட்டியலே அமைந்தது. சட்டம் மெதுவாகவே பின்தொடர்ந்தது. நியூயோர்க் மாநிலத்து உணவுச்சாலைகளிலே ஞாயிறன்று நண்பகலுக்கு முன் மது பரிமாறுதல் நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. 2016 ஆம் ஆண்டில் அந்நேரத்தை முற்பகல் 10 மணிக்குக் கொண்டுவந்த சட்டத்தை மக்கள் 'பிரஞ்ச் சட்டம்' என்றே அழைத்தனர். கொச்சைச் சொல்லாகப் பிறந்த ஒன்று சட்டத்தின் பெயராகவும் வழங்கியது.

பெரிங்கர் நினையாத பணிப்பெண் அங்கும் இருக்கின்றாள்; இப்பொழுது அவள் உணவுச்சாலைச் சமையலறையிலே நிற்கின்றாள். அந்தனி போர்டைன் என்ற நியூயோர்க் சமையல் வல்லுநர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே, சமையற்காரர்கள் பிரஞ்ச் வேளையை வெறுப்பவர்கள் என்று வெளிப்படையாக எழுதினார். வெள்ளி, சனி இரவுகளில் மீந்தவற்றைச் செலவழிக்கும் சந்தர்ப்பமாகவே பல உணவுச்சாலைகள் அதனைக் கருதுகின்றன என்றும் எச்சரித்தார். பிறர் பிந்தி எழுந்து உண்பதற்காக முந்தி எழுந்து அவிப்பவர்கள் அவ்வேளையிலே எதனை உண்கின்றனர் என்பதற்கு ஆங்கிலத்திலே தனிச் சொல் எதுவும் ஏற்படவில்லை.

பிற மொழிகள் இச்சொல்லை எதிர்கொண்ட விதம் பலவாறானது. ஜேர்மானியர் அதனை அப்படியே ஏற்றுத் தம் மொழியின் வினை விகுதியைச் சேர்த்துப் 'பிரஞ்சென்' என வினைச்சொல்லும் ஆக்கிக்கொண்டனர். பிரெஞ்சுக்காரரும் தம் வினை விகுதியைச் சேர்த்தனர்; தெஜுனேயும் தினேயும் தம் வீட்டுச் சொத்தாக இருக்கவும், மூன்றாவதாக ஓர் ஆங்கிலச் சொல்லை வாங்குவதில் அவர்கள் வெட்கப்படவில்லை. யப்பானியர் தம் ஒலிமுறைக்கேற்பப் 'புரஞ்சி' என்று நீட்டினர். சீனரின் வழி வேறு. சீன மொழியிலே 'ட்சாவ்' என்றாற் காலை, 'வூ' என்றால் நண்பகல், 'ட்சான்' என்றாற் போசனம். மூன்றையும் அடுத்தடுத்து வைத்து 'ட்சாவ்-வூ-ட்சான்' என்றனர். காலை நண்பகற் போசனம். நம் இலக்கணத்து உம்மைத்தொகை போன்றதே. எதுவும் வெட்டுப்படவில்லை. ஆங்கிலம் அறியாத சீனச் சிறுவனும் கேட்டவுடன் பொருள் கொள்வான்.

ஐஸ்லாந்து மக்கள் இன்னுமொரு வழியைக் கண்டனர். பழைய நோர்ஸ் மொழியிலே காலை 9 மணியளவிலான பெரிய போசனத்துக்குப் பகலுணவு என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. அதிலிருந்து வந்த 'தோகுர்தூர்' என்ற பழஞ்சொல்லையே அவர்கள் புதிய போசனத்துக்கு இட்டு வழங்குகின்றனர். பேச்சிலே ஆங்கிலச் சொல்லின் திரிபும் உண்டு. எழுத்திலே முன்னோரின் சொல்லுக்கே மதிப்பு. பழஞ்சொல் குறித்த உணவு உழைப்பவரின் உணவு என்பதும் அதன் புதிய பொருள் ஓய்வெடுப்பவரின் உணவு என்பதும் இங்கே மறைந்துபோகின்றன. இருப்பினும் உலகில் இரண்டு முற்பகலுணவுகளையும் ஒரே சொல்லினுள் அமர்த்திய மொழி என்ற பெருமை அதற்கு உண்டு.

மிகவும் உண்மையாக நடந்துகொண்ட மொழி கொரிய மொழி எனலாம். அங்கே 'ஆச்சிம்' என்றாற் காலையும் காலையுணவும். 'சொம்சிம்' என்றால் மதிய உணவு. இந்தச் சொம்சிம் சீனத்திலிருந்து சென்றது. ஹொங்கொங் நகரத்துத் தேநீர்ச்சாலைகளிலே முற்பகலில் உண்ணும் 'திம்சம்' என்பதும் இதே இரண்டு சீன எழுத்துகளே. ஆச்சிமின் தலையையும் சொம்சிமின் தலையையும் வெட்டி ஒட்டி 'ஆஜொம்' என்றொரு சொல்லைக் கொரியர் ஆக்கினர். ஒக்ஸ்போர்ட் மாணவரின் முறையேதான், பொருளும் அதே. இவ்வளவிருந்தும் 'பிரஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'பறொன்ச்சி' என்ற வடிவிலே அங்கே குடிபுகுந்தது. இப்பொழுது இரண்டும் அருகருகே வாழ்கின்றன. பிந்தி எழுந்தவன் வீட்டில் மீந்த குழம்போடு சோறுண்டால் அது ஆஜொம். உணவுச்சாலையிலே கோப்பியும் முட்டையும் வைத்துப் பணஞ் செலுத்தி உண்டால் அது பறொன்ச்சி. நேரம் ஒன்று, பசியும் ஒன்று. வயல் வரப்பிலே உண்ட செச்சத்தைச் சேர்த்தெண்ணினால் கொரியருக்கு இதற்கு மூன்று சொற்கள். வேலை, வீடு, விலை என்று அம்மூன்றையும் பிரித்தறியலாம்.

தமிழுக்கு இன்னும் ஒருமுகமாக ஏற்கப்பட்ட சொல் அமையவில்லை. கொழும்பிலும் சென்னையிலும் பெரிய ஹோட்டல்கள் ஞாயிறுதோறும் இப்போசனத்தை வழங்குகின்றன. அவற்றின் விருந்தினர் ஆங்கிலப் பெயராலேயே அதனைக் கேட்டு உண்கின்றனர். தமிழில் எழுதப் புகுவோர்க்கே சங்கடம். 'பிரஞ்ச்' என்று எழுதினால் விரைந்து படிப்பவர் அதனைப் பிரெஞ்சு நாட்டு உணவென்று கொள்ளுதல் கூடும். ஞாயிறு பிரஞ்ச் என்றாற் பிரெஞ்சு மொழி வகுப்போ என்று கேட்பாரும் இருப்பர். சீனரைப் பின்பற்றிக் 'காலைமதிய உணவு' எனலாம். பொருள் தெளிவு, நாவிற்குச் சற்று நீளம். ஐஸ்லாந்தரைப் பின்பற்றுவதாயிற் பழந்தமிழிலிருந்து ஒன்றைத் தேடவேண்டும். அங்கேதான் தடை வருகின்றது. விடியற்புறத்தே ஏர் பூட்டிச் சென்றவனும் நாற்று நடச் சென்றவளும் முற்பகலிலே வரப்பில் அமர்ந்து உண்டதைத் தமிழர் மணியைக் கொண்டு அழைக்கவில்லை. பழஞ்சோறு என்றனர், கஞ்சி என்றனர். உணவின் பெயரே போசனத்தின் பெயருமாயிற்று. வெயில் ஏறியதும் வயலிலே எழுந்த கேள்வி, கஞ்சி வந்துவிட்டதா என்பது. எந்த வேளைக் கஞ்சி என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.